நாயின் வைரஸ், மாட்டின் வாயில்

கொரோனாவுக்குப் பிறகு வடசென்னையில் என் கிளினிக்கில் ஒரு கேள்வி அடிக்கடி வருகிறது. “இப்ப சுத்துற ரேபிஸ் புது வேரியண்ட்டாமே டாக்டர், பழைய ஊசி புடிக்காதாமே?” வண்ணாரப்பேட்டைக்காரரும் கேட்கிறார், காசிமேட்டுக்காரரும் கேட்கிறார். 2023 நவம்பரில் ராயபுரத்தில் ஒரே நாய் இருபதுக்கும் மேற்பட்டவர்களைக் கடித்து, பிறகு அதற்கு ரேபிஸ் இருந்தது பரிசோதனையில் உறுதியானதிலிருந்து இந்தப் பேச்சு இன்னும் கூடிவிட்டது.

கால்நடை மருத்துவராக என் பதில்: வைரஸ் மாறத்தான் செய்கிறது, ஆனால் ஊசியை ஏமாற்றும் அளவுக்கு மாறவில்லை. நாம் கவனிக்க வேண்டியது அது எந்த மிருகத்தில் குடியிருக்கிறது, எந்த மிருகத்துக்குச் சும்மா வந்துபோகிறது என்பதைத்தான்.

ரேபிஸ் ஓர் ஆர்.என்.ஏ. வைரஸ். துப்பாக்கித் தோட்டா வடிவம், ஐந்தே மரபணுக்கள், ஏறக்குறைய 12,000 மரபணு எழுத்துகள். நகலெடுக்கும்போது பிழை விழுந்தால் திருத்திக்கொள்ளும் வசதி அதற்குக் கிடையாது. கொரோனா வைரஸுக்குக்கூட ஓரளவு அது உண்டு. அப்படிப் பார்த்தால் ரேபிஸ் நாளுக்கொரு வேஷம் கட்ட வேண்டும். கட்டுவதில்லை, வருடத்துக்குச் சில எழுத்துகள்தான் நிலையாக மாறுகின்றன.

காரணம் அது போகிற பாதை. கடித்த இடத்தின் தசையில் நுழைய வேண்டும், நரம்பு முனையைப் பிடித்து மூளைக்கு ஏற வேண்டும், மூளையைக் கெடுத்து, அங்கிருந்து எச்சில் சுரப்பிக்கு இறங்க வேண்டும். அப்புறம், அந்த மிருகம் சாவதற்குள் இன்னொன்றைக் கடிக்கவும் வைக்க வேண்டும். ஓர் எழுத்து தப்பாக மாறி இதில் ஒரு படி சறுக்கினாலும் அந்த வம்சம் அத்தோடு சரி. அதனால் தடுப்பூசி குறிவைக்கும் மேலுறைப் புரதம், நாயிலிருந்து எடுத்தாலும் கீரியிலிருந்து எடுத்தாலும், ஊசிக்கு அடையாளம் தெரிகிற மாதிரியே இருக்கிறது. குளிர்நாட்டு வௌவால்களில் இந்த மாற்றம் இன்னும் மெதுவாக நடக்கிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வௌவால் குளிர்காலம் முழுக்கத் தூங்கும்போது உள்ளே இருக்கும் வைரஸுக்கும் வேலை இல்லை.

இந்தப் பாதையின் கண்டிப்பு எவ்வளவு என்பதை, ரேபிஸ் தடுப்பூசியை உருவாக்கிய பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டரின் முயல்களே காட்டின. 1880களில் அவர் வைரஸை ஒரு முயலின் மூளையிலிருந்து அடுத்த முயலின் மூளைக்கு நேரடியாக ஏற்றிக்கொண்டே போனார். முதலில் நோய் தெரிய ஏறக்குறைய இரண்டு வாரம் ஆனது. தலைமுறை கூடக்கூட அது சுருங்கி, கடைசியில் ஏழு நாளுக்கு வந்து அங்கேயே நின்றுவிட்டது. முயலின் மூளைக்குள் அசுர வேகம். ஆனால் கடி, நரம்பு, எச்சில் என்ற வேலையெல்லாம் ஆய்வகத்தில் தேவைப்படாததால் அந்தத் திறமை தேய்ந்துபோனது. தெருவில் விட்டிருந்தால் பிழைத்திருக்காது. உலகில் இன்று போடும் ரேபிஸ் தடுப்பூசிகளில் பல, 1882இல் நோய் வந்த ஒரு மாட்டிலிருந்து பாஸ்டர் எடுத்த வைரஸின் வழிவந்தவைதான். நூற்று நாற்பது வருடத்துக்கு முந்தைய பிரெஞ்சு மாட்டின் வைரஸ், தண்டையார்பேட்டை நாயின் வைரஸை இன்றும் தடுக்கிறது. ‘புது வேரியண்ட்’ கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

சரி, மிருகம் விட்டு மிருகம் தாவிக் குடியேறுவது? அது நடந்திருக்கிறது. கரும்புத் தோட்டத்து எலிகளை ஒழிக்க 1872இல் நம் நாட்டுக் கீரிப்பிள்ளைகளை ஜமைக்காவுக்குக் கப்பலேற்றினார்கள். அங்கிருந்து அவை மற்றத் தீவுகளுக்கும் போயின. போர்ட்டோ ரிக்கோ, கிரெனடா போன்ற தீவுகளில் இன்று ரேபிஸைத் தாங்கி நிற்பதே கீரிதான். நாய்வழி வந்த வைரஸ், நாய் இல்லாமலே அங்கே ஓடுகிறது. ஐரோப்பாவில் இருபதாம் நூற்றாண்டின் நடுவில் நரிக்குத் தாவியது. காட்டு நரியைப் பிடித்து யார் ஊசி போடுவது? 1978இல் சுவிட்சர்லாந்தில் கோழித்தலைக்குள் தடுப்பு மருந்தை வைத்துக் காட்டில் வீசினார்கள். நரிகள் தின்றன, நோய் அடங்கியது. அமெரிக்காவின் அரிசோனாவில் 2001 வாக்கில் வௌவாலின் வகை, நாற்றம் பீய்ச்சும் ஸ்கங்க் என்ற மிருகத்துக்கு வந்து, ஸ்கங்கிலிருந்து ஸ்கங்குக்குப் பரவத் தொடங்கியது.

இப்படிக் குடியேறியவை அபூர்வம். பெரும்பாலான தாவல்கள் முட்டுச்சந்தில் முடிகின்றன. அந்த முட்டுச்சந்தைத்தான் வடசென்னையில் நான் பார்க்கிறேன்.

வியாசர்பாடி, புளியந்தோப்புப் பக்கம் தெருவிலேயே மேயும் கறவை மாடுகள் நிறைய. ஒரு மாடு இரண்டு நாளாகத் தீனி எடுக்காது. வாயிலிருந்து எச்சில் கயிறு கயிறாகத் தொங்கும். கத்தும், ஆனால் குரல் கம்மிப்போய், ஓட்டைக் குழாயில் காற்று வருவது போல் கேட்கும். முக்கும், சாணி வராது. பின்னங்கால் பின்னும். மாட்டுக்காரர் முடிவே கட்டிவிடுவார்: “தொண்டையில கவர் மாட்டிக்கிச்சு சார்.” அவரைக் குறை சொல்ல முடியாது, நம் தெரு மாடுகள் பிளாஸ்டிக் தின்னாத நாளேது? அதனால் நான் போய்ச் சேருவதற்குள் நாக்கை இழுத்துப் பிடித்து, முழங்கை வரை கையை விட்டுத் தேடியிருப்பார். கையில் பல் கீறல், நகக்கண்ணில் வெடிப்பு. நான் மாட்டைத் தொடும் முன் கேட்பது இதுதான்: “சமீபத்துல நாய் ஏதாவது கடிச்சுதா?” பெரும்பாலும் அவருக்கு நினைவிருக்காது. வீட்டுப் பையன் சொல்வான், போன மாசம் மூக்கில் ஒரு காயம் இருந்தது, மஞ்சள் வைத்தோம் என்று.

மாட்டின் உடம்பில் இருப்பது நாயின் வைரஸ்தான். மாடு கடித்து இன்னொரு மாட்டுக்குப் பரப்புவதில்லை, ஆகவே வைரஸின் வம்சம் அந்தக் கொட்டகையோடு முடிகிறது. ஆனால் மாட்டின் வாய்க்குள் கை விட்டவருக்கு அந்தக் கணக்கால் ஒரு பயனும் இல்லை. வைரஸுக்குத்தான் முட்டுச்சந்து, அவருக்கு ஆபத்து ஆபத்துதான். அவருக்கு உடனே தடுப்பூசி வேண்டும். மாடு இறந்தால் தலையைத் தொடாமல் கால்நடைத் துறைக்குச் சொல்ல வேண்டும். மூளையைச் சோதித்தால்தான் நோய் உறுதியாகும். பாலைக் காய்ச்சிக் குடித்தவர்கள் பதற வேண்டாம், கொதியில் வைரஸ் பிழைப்பதில்லை. ஆனால் அப்படிப்பட்ட மாட்டின் பாலை அதற்கு மேல் யாருக்கும் ஊற்றக் கூடாது.

பூனை இன்னும் வில்லங்கம். பூனைக்கென்று தனி ரேபிஸ் வகை உலகில் எங்கும் நிலைபெறவில்லை. அதுவும் நாயிடமிருந்து வாங்குவதுதான். ஆனால் காசிமேட்டில் மீன் குடலுக்குச் சண்டை போடும் பூனை கடித்தால் “பூனைதானே” என்று தேங்காயெண்ணெய் தடவிவிட்டுப் போய்விடுகிறார்கள். பூனைக்கடி சின்னதாகத் தெரியும், ஆழம் அதிகம். வீட்டு எலி கடித்தால் பொதுவாக ரேபிஸ் ஊசி தேவைப்படுவதில்லை. குரங்கு கடித்தால் தேவை. இலங்கையில் பழந்தின்னி வௌவால்களில் ரேபிஸின் நெருங்கிய சொந்தக்கார வைரஸ் ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அதனால் கீழே விழுந்த வௌவாலை வெறுங்கையால் எடுக்காதீர்கள், எடுத்துக் கடிபட்டால் மருத்துவரிடம் போங்கள்.

நம் ஊரில் ரேபிஸ் குடியிருப்பது நாயில்தான் என்பது ஒரு விதத்தில் நமக்கு அதிர்ஷ்டம். நரியைப் போல் அது காட்டில் ஒளிந்திருக்கவில்லை, டீக்கடை வாசலில் படுத்திருக்கிறது. ஒரு பகுதியின் நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்குத் தொடர்ந்து தடுப்பூசி போட்டு வந்தால் சங்கிலி அறுந்துவிடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நாயில் அறுந்தால் மாட்டிலும் பூனையிலும் தானாக நிற்கும். காது நுனி வெட்டப்பட்ட தெருநாயைப் பார்த்தால், அதற்குக் கருத்தடை ஆகியிருக்கிறது என்று அர்த்தம். அந்தச் சமயத்தில் போட்ட ரேபிஸ் ஊசி ஆயுளுக்கும் போதாது, மறுபடி போட வேண்டும். நாயை அடித்துத் துரத்தினால் அந்த இடத்துக்கு ஊசி போடாத வேறு நாய் வரும்.

கடிபட்டால் ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காபித்தூள் எதுவும் வேண்டாம். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பயத்தில் இன்னும் சில பாட்டிகள் பேரனை ஒளித்து வைக்கிறார்கள். ஆட்டு மூளையில் தயாரித்த அந்த ஊசியை இந்தியாவில் நிறுத்தி இருபது வருடம் ஆகிறது. இப்போது அரசு மருத்துவமனைகளில் கையில்தான் போடுகிறார்கள், இலவசமாக: முதல் நாள், அதிலிருந்து 3, 7, 28ஆம் நாட்கள். இரத்தம் வரும் காயமென்றால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் (வைரஸை உடனே மடக்கும் தயார்நிலை எதிர்ப்பொருள்) போட வேண்டும். அவர்கள் மறந்தாலும் நீங்கள் கேளுங்கள். கடித்த நாயைப் பத்து நாள் கவனிப்பது ஊசியைத் தொடங்கிய பிறகுதான். அந்தப் பத்து நாள் கணக்கு நாய்க்கும் பூனைக்கும் மட்டுமே, மாட்டுக்குப் பொருந்தாது. நடுவில் ஒரு தேதி தவறிவிட்டால் சீட்டைத் தூக்கிப்போட்டுவிடாதீர்கள், மறுநாளே போய்ப் போட்டுக்கொள்ளுங்கள்.