எட்டு மாதம் காத்திருந்த குதிரை

மும்பை மாட்டுங்காவில் எங்கள் கட்டடத்து மாடிப்படியில் ஞாயிறு மாலை செஸ் நடக்கும். குறுக்காக நகரும் காயை நாங்கள் மந்திரி என்போம், அதைப் பக்கத்து வீட்டு மராத்திப் பையன் ஒட்டகம் என்பான். போன வாரம் அக்கா மகன் கேட்டான்: "மாமா, கிராண்ட்மாஸ்டருங்க வீட்டிலேயே மனப்பாடம் பண்ணிட்டு வந்து ஆடுறது பிட் அடிக்கிற மாதிரிதானே?"

பதிலுக்கு விஸ்வநாதன் ஆனந்தின் ஓர் ஆட்டத்தைப் பலகையில் வைத்துக் காட்டினேன். 2013 ஜனவரி, டாடா ஸ்டீல் போட்டி. டாடா தலைமையகம் இங்கிருந்து லோக்கலில் போகிற தூரம். போட்டி நடப்பதோ நெதர்லாந்தின் கடலோர ஊரான வைக் ஆன் ஸேயில். எதிரே அர்மேனியாவின் லெவோன் அரோனியன், வெள்ளைக் காய்கள். உலக சாம்பியனாக இருந்த ஆனந்த் கறுப்பில் ஆடி 23 நகர்த்தல்களில் ஜெயித்தார்.

எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய முடியாது. முதல் நகர்த்தலுக்கு வெள்ளைக்கு 20 வழி, கறுப்புக்கும் 20. ஆளுக்கு இரண்டு முறை ஆடி முடிப்பதற்குள் 1,97,281 வழிகள். அதனால் எதிராளி வழக்கமாக எந்தக் கிளையில் ஏறுவார் என்று பார்த்து மற்றதைக் கழிக்கிறார்கள். கணினி ஒரு நிலையைச் சமம் என்று சொல்லிவிடும். ஆனால் அந்தச் சமத்தைக் காப்பாற்ற எதிராளிக்குப் பத்து நல்ல நகர்த்தல்கள் இருக்கின்றனவா, ஒன்றே ஒன்றா? தயாரிப்புக் குழு தேடுவது அந்த ஒற்றையடிப் பாதையை. கடிகாரம் ஓட ஓட, அதை அவர் தனியாகக் கண்டுபிடிக்க வேண்டும். நம்மாளுக்கு அந்த இடம் ஏற்கெனவே பழக்கம்.

பலகையில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எழுத்தும் எண்ணும் சேர்ந்த பெயர் உண்டு. அரோனியனின் குதிரை எச்7 சிப்பாயை வெட்டி, எஃப்8 யானையையும் குறிவைத்தது. நானாக இருந்தால் அந்தக் குதிரையைப் பிடிக்கத்தான் பார்ப்பேன். ஆனந்தோ தன் குதிரையை ஜி4க்குத் தாவவிட்டார். அடுத்து மந்திரியைச் சிப்பாய் வெட்டக்கூடிய சி5இல் வைத்தார். இன்னொரு குதிரையை இ5இல், அதுவும் சிப்பாயின் வாயில்! இந்த யோசனைகளெல்லாம் 2012 மே மாதம் மாஸ்கோவில் கெல்ஃபாண்டுடன் நடந்த உலகப் பட்ட ஆட்டத்துக்காகச் செய்த தயாரிப்பிலிருந்து வந்தவை.

இத்தனை மாதம் கழித்து நினைவில் எப்படி நின்றது? 1973இல் சேஸ், சைமன் என்ற இரு ஆய்வாளர்கள் ஆட்ட நிலைகளைச் சில நொடி மட்டும் காட்டி, திரும்ப அடுக்கச் சொன்னார்கள். தேர்ந்த ஆட்டக்காரர் புதியவரை எளிதில் மிஞ்சினார். காய்களைத் தாறுமாறாக வைத்துக் காட்டியபோது அந்த மேன்மை கிட்டத்தட்டக் காணாமல் போனது. அவர்கள் நினைவில் வைப்பது தனித்தனிக் காயை அல்ல, அர்த்தமுள்ள கொத்துகளை. இங்கே கொத்து என்பது வெள்ளை ராஜாவை நோக்கிய இரண்டு மந்திரிகள். 1907இல் லோட்ஸ் நகரில் ரூபின்ஸ்டைன் இதே படத்தை வைத்து ரோட்லெவியை முடித்திருந்தார். செஸ் படித்தவர்களுக்கு அது பாலபாடம்.

அரோனியன் யானையை வெட்டினார். ஆனால் அவருடைய இன்னொரு யானையும் ஒரு மந்திரியும் வீட்டை விட்டே கிளம்பவில்லை. கடைசியில் வெள்ளை ராணி மூன்றாம் வரிசையில் நின்று எச்3ஐக் காத்தது. ஆனந்த் மந்திரியை இ3இல் வைத்து அந்த வரிசையை மறித்தார். அரோனியன் தோல்வியை ஒப்புக்கொண்டு கைகொடுத்துவிட்டார்.

"கறுப்பு ராணி எச்3ல வந்து வெட்டினா, ஜி சிப்பாயால அதை எடுத்துக்கலாமே?" என்று பையன் சிப்பாயைத் தூக்கினான். அந்தச் சிப்பாய்க்குப் பின்னால் நிற்கும் வெள்ளை ராஜாவைக் குறுக்காகக் குறிவைத்திருந்த பி7 மந்திரியைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தான், சிப்பாயைத் திரும்ப ஜி2இல் வைத்தான்.