விடியற்காலைக் குமட்டல்: மணியைக் குறித்துக்கொண்டு வாருங்கள்

சென்ற மழைக்காலத்தில் குலசேகரம் பக்கத்திலிருந்து ஒரு பெண் தன் கணவரை அழைத்துக்கொண்டு என் மருத்துவமனைக்கு வந்தார். கையில் தினசரிக் காலண்டரிலிருந்து கிழித்த ஏழு தாள்கள். ஒவ்வொன்றின் பின்புறத்திலும் பென்சிலால் இரண்டு மூன்று வரிகள்: கணவர் இரவு எத்தனை மணிக்கு, என்ன சாப்பிட்டார், எத்தனை மணிக்குக் குமட்டியது. கணவர் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். மூன்று மாதங்களாக விடியற்காலையில் வயிற்றைப் புரட்டுகிறது. ஓக்காளம் எடுத்துக் கண்ணில் நீர் முட்டுகிறது. வெளியே வருவதோ வெறும் எச்சில். மருந்துக்கடையில் 'கேஸ் மாத்திரை' வாங்கி விழுங்கியும் பலனில்லை. ரப்பர் பாலை உறையவைக்கும் ஆசிட்டின் வாடைதான் காரணம் என்று அவர் முடிவு செய்திருந்தார்.

தாள்களைப் பார்த்தேன். குமட்டல் வந்ததெல்லாம் நாலு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில். ஆசிட்டை அவர் தொடுவதோ பாலெடுத்து முடித்து ஒன்பது மணிக்கு மேல். குமட்டாத நாள்கள் இரண்டு. ஒன்று ஞாயிற்றுக்கிழமை, மற்றொன்று இரவெல்லாம் மழை பெய்து வெட்டு நடக்காத நாள். மற்ற நாள்களில் என்ன நடக்கிறது என்று கேட்டேன். இரவு ஒன்பதரைக்கு மரச்சீனிக்கிழங்கும் (மரவள்ளி) மீன்குழம்பும் வயிறு நிறைய. பத்து மணிக்குப் படுக்கை. மூன்றரைக்கு எழுந்து வெறும் வயிற்றில் கடுப்பமான கட்டஞ்சாயா (பால் சேர்க்காத தேநீர்), இரண்டு பீடி. பிறகு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் குனிந்து நிமிர்ந்து வேலை. எட்டு மணி வரை வயிற்றுக்குள் திடமாக ஒன்றும் போவதில்லை.

அந்த ஏழு தாள்களும் ஸ்கேன் செய்யாமலேயே எனக்குப் பாதி விடையைக் கொடுத்துவிட்டன. அதனால்தான் இதை எழுதுகிறேன். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில், மார்த்தாண்டமானாலும் குளச்சலானாலும் தோவாளையானாலும், குமட்டலோடு வருகிறவர்கள் சொல்லும் முதல் வார்த்தை 'கேஸ்'. அந்தச் சொல் நோயாளியையும் ஏமாற்றுகிறது, அவசரத்தில் இருக்கும் மருத்துவரையும் ஏமாற்றுகிறது. குமட்டல் எத்தனையோ நோய்களுக்குப் பொதுவான அறிகுறி. எந்த மணிக்கு வருகிறது, எந்த நிலையில் படுத்திருக்கும்போது வருகிறது, கூட வேறென்ன வருகிறது என்பதுதான் ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரித்துக் காட்டும்.

பால்வெட்டுக்காரருக்கு வந்தது அமிலம் எதுக்களிப்பது. உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் ஒரு தசை வளையம் இருக்கிறது. விழுங்கும்போது திறந்து, பிறகு இறுகிக்கொள்ளும். வயிறு நிறைந்திருக்கும்போது உடனே படுத்தால் அந்த வளையம் தாங்காது. நிற்கும்போது புவியீர்ப்பு துணை இருக்கிறது, படுத்தால் அதுவும் இல்லை. தூக்கத்தில் எச்சில் சுரப்பது குறைகிறது, விழுங்குவதும் குறைகிறது. அதனால் மேலே ஏறிய அமிலம் கழுவப்படாமல் அங்கேயே தங்கிவிடுகிறது. புகையிலை அந்த வளையத்தை மேலும் தளர்த்தும். காலையில் குனிந்து வேலை செய்வது வயிற்றை அழுத்தி, மிச்சத்தையும் மேலே தள்ளும். எல்லாருக்கும் நெஞ்செரிச்சல் இருக்கும் என்று நினைக்காதீர்கள். சிலருக்குக் குமட்டலும் புளித்த வாயும் இரவு இருமலும் மட்டுமே இருக்கும்.

இதற்கு மாத்திரைக்கு முன்னால் செய்ய வேண்டியவை உண்டு. படுப்பதற்கு மூன்று மணி நேரத்துக்கு முன்பே இரவுச் சாப்பாட்டை முடித்துவிட வேண்டும். விடியுமுன் எழுந்து வேலைக்குப் போகிறவர் ஆறரை ஏழு மணிக்கே சாப்பிடுவதுதான் நல்லது. மரச்சீனியும் புரோட்டாவும் பொரித்த மீனும் மதியத்துக்குப் போகட்டும், இரவுக்குக் கஞ்சியும் பயறும் போதும். கட்டிலின் தலைமாட்டுக் கால்கள் இரண்டுக்கும் அடியில் ஆறங்குல உயரத்துக்கு மரக்கட்டை வைக்க வேண்டும். தலையணையை அடுக்குவது உதவாது. கழுத்துதான் மடங்கும், வயிறு இன்னும் அழுத்தப்படும். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுப்பது நல்லது. இரைப்பை இருக்கும் அமைப்பினால் அந்த நிலையில் அமிலம் மேலே வருவது குறைகிறது. மாத்திரை தேவைப்பட்டால், அமிலச் சுரப்பைக் குறைக்கும் பான்டோபிரசோல் போன்றவற்றைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரத்துக்கு முன்னால் போட வேண்டும். சாப்பிட்டபின் போட்டுவிட்டு, 'கேட்கவில்லை' என்று ஆண்டுக்கணக்கில் தொடர்கிறவர்களை வாரந்தோறும் பார்க்கிறேன்.

மரச்சீனி பற்றி ஒரு சொல். கசப்பு வகைக் கிழங்கில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது. நறுக்கி, நிறையத் தண்ணீரில் அவித்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டுவது நம் பாட்டிமார் வழக்கம். அவசரத்தில் அதை விட்டுவிட்டால், சாப்பிட்ட சில மணி நேரத்தில் குமட்டலும் தலைவலியும் தலைசுற்றலும் வரலாம்.

நள்ளிரவு ஒன்று, இரண்டு மணிக்கு மேல்வயிறு வலித்து, குமட்டி எழுப்பிவிடுகிறது, இரண்டு பிஸ்கட் தின்றால் அடங்குகிறது என்றால் எனக்குச் சிறுகுடலின் தொடக்கத்தில் வரும் புண் நினைவுக்கு வரும். அமிலச் சுரப்பு உச்சத்துக்குப் போவது முன்னிரவு தாண்டிய அந்த நேரத்தில்தான். இந்தப் புண்ணுக்குப் பெரும்பாலும் காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி. ஆஸ்திரேலிய மருத்துவர் பாரி மார்ஷல் இதை யாரும் நம்பாததால் 1984-இல் அந்தக் கிருமியைத் தாமே குடித்தார். சில நாள்களில் விடியற்காலையில் எழுந்து ஓடிப்போய் வாந்தி எடுத்தார். அவருக்கும், அவரோடு சேர்ந்து அந்தக் கிருமியைக் கண்டறிந்த ராபின் வாரனுக்கும் 2005-இல் நோபல் பரிசு கிடைத்தது. வயிற்றுப்புண் என்றால் காரமும் கவலையும்தான் என்று நம்பியிருந்த காலம் அதோடு மாறியது. மூச்சு அல்லது மலப் பரிசோதனையில் கிருமி தெரிந்தால் இரண்டு வாரம் மருந்து. அதை நாலு நாளில் நிறுத்திவிடாதீர்கள்.

மற்றொரு காரணம், வலி மாத்திரை. வலை இழுத்துத் தோள் வலிக்கும் மீனவர், அண்டியாபீஸில் (முந்திரி ஆலையில்) நாளெல்லாம் உட்கார்ந்து இடுப்பொடிந்த பெண், மூட்டுவலிக்காரப் பாட்டி. இவர்கள் டைக்லோபினாக்கை மிட்டாய் போல வாங்கிச் சாப்பிடுகிறார்கள். குமட்டலுக்கு வந்தவர் இதைச் சொல்வதேயில்லை, ஏனென்றால் அது 'வேறு வலிக்கு'. தயவுசெய்து சொல்லுங்கள். மலம் தார் போலக் கறுத்திருந்தால் அன்றே வாருங்கள்.

இனி, நான் மனம் நொந்து சொல்ல வேண்டிய ஒரு பழக்கம். பல் தேய்த்தவுடன் தொண்டைக்குள் விரலை விட்டுக் கலக்கிப் 'பித்தம் எடுப்பது'. மஞ்சள் நீர் வந்தால்தான் வயிறு சுத்தமானது என்ற நம்பிக்கை. வெறும் வயிற்றில் யார் ஓங்கரித்தாலும் சிறுகுடலிலிருந்து பித்தநீர் மேலே ஏறி மஞ்சளாகத்தான் வரும். அது செரிமானத்துக்காக உடல் செய்துவைத்த நீர், கழிவு இல்லை. தினமும் இப்படிச் செய்கிறவர்களுக்குக் குமட்டும் அனிச்சை கூடிக்கொண்டே போகும். பிறகு பிரஷ் பட்டாலே ஓக்காளம் வரும். பலமாக ஓங்கரித்து உணவுக்குழாயின் உட்புறம் கிழிந்து, ரத்தமாக வாந்தி எடுத்தவரை நான் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பியிருக்கிறேன். குழந்தைகளுக்கு இதைக் கற்றுக்கொடுக்காதீர்கள்.

காலையில் கை நடுங்கி ஓக்காளம் வந்து, ஒரு வாய் மது போனால் அடங்குகிறது என்றால் அது மதுச் சார்பு. திடீரென்று தானாக நிறுத்துவதும் ஆபத்து. மருத்துவர் துணையோடு நிறுத்த வேண்டும். வெட்கப்பட வேண்டாம், குடும்பத்தார் திட்டவும் வேண்டாம்.

மணமான இளம்பெண் என்றால் முதலில் மாதவிலக்குத் தேதியைக் கேட்போம். மசக்கைக் குமட்டல் பெரும்பாலும் ஆறாவது வாரத்தை ஒட்டித் தொடங்கி, 16 முதல் 20 வாரங்களுக்குள் அடங்கும். படுக்கையை விட்டு எழுமுன் ரஸ்க் ஒன்றைக் கடித்துக்கொள்வதும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுவதும், இஞ்சியும் உதவும். அடங்காவிட்டால் வைட்டமின் பி6-உம் டாக்சிலமினும் சேர்ந்த மாத்திரையை மருத்துவர் தருவார். தண்ணீர்கூடத் தங்காமல் சிறுநீர் குறைந்தால் அது மசக்கை என்று பொறுத்துக்கொள்ளும் நிலை அல்ல. மாமியார்மாருக்கு என் வேண்டுகோள்: "நாங்களெல்லாம் பிள்ளை பெறவில்லையா" என்று அந்த நேரத்தில் சொல்லாதீர்கள்.

எழுபது வயது அம்மா ஒருவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டே வந்து, "மக்களே, கட்டிலில் புரண்டு படுத்தால் வீடே சுற்றுகிறது, அப்படியே சத்தி (வாந்தி) வருகிறது" என்றார். வயிற்றுக்கு மூன்று மருந்து ஏற்கெனவே சாப்பிட்டிருந்தார். குறை இருந்தது காதில். உட்காதில் சமநிலையைக் காக்கும் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் இடம் பெயர்ந்து குழல்களுக்குள் போய்விட்டால், தலையைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் அரை நிமிடம் உலகம் சுழலும், கூடவே குமட்டும். ஜான் எப்லி என்ற அமெரிக்க மருத்துவர் வகுத்த முறையில் தலையை வரிசையாகச் சில நிலைகளில் திருப்பினால் துகள்கள் தம் இடத்துக்குத் திரும்பிவிடும். அந்த அம்மாவுக்குப் பத்து நிமிடம் கூட ஆகவில்லை. நடந்து போனார்.

சர்க்கரை நோயாளிகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர்களுக்குக் குமட்டல் பல வழிகளில் வரும். சர்க்கரைக்கான மெட்பார்மின் மாத்திரை தொடங்கிய வாரங்களில் வருவது சாதாரணம். சாப்பாட்டோடு போட்டு, அளவை மெல்லக் கூட்டினால் குறையும். இன்சுலினோ, சர்க்கரையை இறக்கும் கிளிமெபிரைடு மாத்திரையோ எடுத்துக்கொண்டு இரவு 'பசியில்லை' என்று படுத்துவிட்டால் நடுநிசியில் சர்க்கரை இறங்கும். குமட்டல், கெட்ட கனவு, வியர்வையில் நனைந்த சட்டை, காலையில் தலைவலி. குளுக்கோமீட்டரில் 70-க்குக் கீழே காட்டினால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். இதற்கு நேர்மாறாக, சர்க்கரை மிக ஏறி, குமட்டலும் வயிற்றுவலியும் வேகமான மூச்சும் சேர்ந்தால் அது உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய நிலை. ஆண்டுக்கணக்கில் சர்க்கரை கட்டுப்படாதவர்களுக்கு இரைப்பையை இயக்கும் நரம்பு தளர்ந்து, நேற்று மதியம் சாப்பிட்ட சோறு இன்று காலை வாந்தியில் அப்படியே வரும். அவர்கள் எண்ணெயும் நாரும் குறைத்து, சிறு சிறு வேளைகளாகக் குழைந்த உணவாக உண்ண வேண்டும். காலைக் குமட்டலோடு வாய் கசப்பு, உடலரிப்பு, கால் வீக்கம் இருந்தால் ரத்தத்தில் கிரியாட்டினின் அளவைப் பார்க்க வேண்டும். பழுதுபட்ட சிறுநீரகம் அப்படியும் முறையிடும்.

என்னை இன்றும் வருத்தும் ஒரு விடியற்காலை உண்டு. கடற்கரை ஊர் ஒன்றில் ஐம்பத்தைந்து வயது அம்மா, சர்க்கரை நோயாளி, நாலு மணிக்குக் குமட்டலோடும் வியர்வையோடும் எழுந்தார். நெஞ்சுவலி இல்லை. வீட்டில் இஞ்சிச்சாறு கொடுத்தார்கள், பிறகு சுக்குக்காப்பி. எட்டு மணிக்கு என்னிடம் கொண்டு வந்தபோது ஈசிஜியில் மாரடைப்பு தெளிவாகத் தெரிந்தது. நாலு மணி நேரம் போய்விட்டது. பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் மாரடைப்பு வலியில்லாமல் வெறும் குமட்டலாகவும் சோர்வாகவும் வரலாம். குளிர்ந்த வியர்வை, மூச்சுத்திணறல், தாடை அல்லது இடக்கை இழுப்பு, இவற்றில் ஒன்று குமட்டலோடு சேர்ந்தாலும் அடுப்பங்கரைக்குப் போகாதீர்கள், 108-ஐ அழையுங்கள்.

குழந்தை தினமும் காலையில் தலைவலியோடு எழுந்து வாந்தி எடுத்து, பிறகு தெளிவாகிவிட்டால் பள்ளிக்குப் போக அடம் என்று முடிவு செய்ய வேண்டாம். மண்டைக்குள் மூளையைச் சுற்றி அழுத்தம் கூடியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்தேயாக வேண்டும். பெரியவர்களுக்கும் இதே விதிதான். மூன்று வாரத்துக்கு மேல் நீடிக்கும் குமட்டல், காரணமில்லாத எடைக்குறைவு, விழுங்கும்போது அடைப்பு, மஞ்சள் கண், பச்சையாகவோ ரத்தமாகவோ வாந்தி, வயிறு உப்பி மலமும் காற்றும் போகாமல் நிற்பது, இவற்றை வீட்டில் வைத்துக்கொண்டிருக்கக் கூடாது.

ஆபத்தான அறிகுறி எதுவும் இல்லாமல் இரவில் குமட்டி எழுந்தால், எழுந்து உட்காருங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஒரு வாய், ஒரு வாய் எனத் தண்ணீர் குடியுங்கள். வாந்தி ஆகியிருந்தால் ஓஆர்எஸ் என்ற உப்பு-சர்க்கரைக் கரைசல். பாலும் காப்பியும் அப்போது வேண்டாம். குமட்டலை அடக்கும் டொம்பெரிடோன் மாத்திரையை வாங்கித் தொடர்ந்து போடாதீர்கள். சிலருக்கு, குறிப்பாக வயதானவர்களுக்கு, அது இதயத் துடிப்பின் ஒழுங்கைக் கெடுக்கும். மறுநாள் மறந்துபோகுமுன் மணியையும், இரவு சாப்பிட்டதையும், போட்ட மாத்திரைகளின் பெயரையும் எழுதிவையுங்கள். காலண்டர் தாளின் பின்புறமே போதும்.

பால்வெட்டுக்காரர் இப்போது ஏழு மணிக்குச் சாப்பிடுகிறார். மூன்றரைக்கு இரண்டு மட்டிப்பழமும் (சிறு வாழைப்பழம்) ரஸ்கும் உண்டபிறகே கட்டஞ்சாயா. கட்டிலின் கீழே ரப்பர் மரத்துண்டுகளை அவர் மனைவி தாமே வைத்தாராம். அடுத்த முறை வந்தபோது கொண்டுவந்த தாள்களில் ஆறில் ஒன்றும் இல்லை, ஒன்றில் மட்டும் '4.15, லேசாக' என்று இருந்தது. அதற்குக் கீழே அடிக்கோடிட்டு, 'பீடி 5' என்றும் எழுதியிருந்தார்.