உண்மைக்கு விலை சொன்னால் அதுவும் கப்பந்தான்

மழை பெய்துகொண்டிருந்த ஒரு பின்னேரம், களுவாஞ்சிகுடிப் பக்கத்திலிருந்து பலசரக்குக் கடைக்காரர் ஒருவர் சட்டத்தரணியான என் அலுவலகத்துக்கு வந்தார் (ஊரையும் சில விபரங்களையும் மாற்றியிருக்கிறேன்). குடையை மடக்க முதலே போனை நீட்டினார். “நீங்களே கேளுங்க சேர்.”

கடையில் முன்பு வேலை செய்த பொடியனின் வொய்ஸ் மெசேஜ். குரலில் அதட்டலே இல்லை. “அண்ணன், திகதி முடிஞ்ச பால்மாவுக்கு ஸ்டிக்கர் மாத்தின போட்டோ எங்கிட்ட இருக்கு. 3 லட்சம் தந்தா அழிச்சிருவன். வெள்ளிக்கிழமைக்குள்ள வராட்டி பேஸ்புக்ல போடுவன்.”

“போட்டோ பொய்யில்ல சேர். உண்மையச் சொல்லப்போறவன எப்பிடிப் பிழை சொல்ற?” என்றார்.

பலரும் தடுக்கி விழும் இடம் இது. கப்பம் என்றால் நம் ஆட்களுக்கு இரவில் கதவு தட்டுவதும் துவக்கும்தான் நினைவுக்கு வரும். பட்ட அனுபவம் அப்படி. ஆனால் இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 372ஆம் பிரிவுக்குத் துவக்குத் தேவையில்லை. தீங்கு வரும் என்று ஒருவரை வேண்டுமென்றே பயமுறுத்தி, அந்தப் பயத்தை வைத்து நேர்மையற்ற முறையில் அவரிடம் காசையோ பொருளையோ வாங்கினால் போதும். தீங்கு என்பதற்குள் உடல், மனம், சொத்தோடு நற்பெயரும் அடங்கும். அவதூறு வெளியிடுவேன் என்று மிரட்டிக் காசு வாங்குவதைச் சட்டக்கோவையே உதாரணமாகத் தருகிறது. இதில் ஒரு வேடிக்கை: அவதூறு 2002இலேயே குற்றவியல் சட்டத்திலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. அதைச் சொல்லிக் காசு பறிப்பது மட்டும் இன்றும் குற்றம்.

பொடியன் அந்தப் போட்டோவோடு பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் போயிருக்கலாம், நுகர்வோர் அதிகார சபைக்கு முறைப்பாடு செய்திருக்கலாம். அது அவன் உரிமை, என்னைக் கேட்டால் கடமையும்கூட. பேசாமல் இருப்பதற்கு 3 லட்சம் என்று விலை போட்டபோதுதான் கதை மாறியது.

“அவனுக்குச் சம்பளம் ஏதும் பாக்கி இருக்கா?” என்று கேட்டேன். மனிசன் தலையைக் குனிந்துகொண்டார். ஒரு மாதச் சம்பளம், 45,000 ரூபாய்.

இது சின்ன விசயம் இல்லை. “என்ட 45,000த்தைத் தாங்க, இல்லாட்டி தொழில் திணைக்களத்துக்குப் போவன்” என்று அவன் சொல்லியிருந்தால் அதில் நான் குற்றம் காணமாட்டேன். வரவேண்டிய காசு, அதைக் கேட்கப் போகவேண்டிய இடம், இரண்டும் பொருந்துகின்றன. 3 லட்சத்துக்கும் பேஸ்புக்குக்கும் அப்படி ஒரு நியாயமும் கிடையாது. எதிர்த்தரப்புச் சட்டத்தரணி நிச்சயம் அந்தச் சம்பளத்தைத்தான் பிடித்துத் தொங்குவார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.

குற்றம் நிரூபணமானால் 373ஆம் பிரிவின்படி 3 வருடம் வரை சிறை, அல்லது தண்டப்பணம், அல்லது இரண்டும். காசு கைமாறாவிட்டாலும், பறிக்கும் நோக்கத்தோடு பயமுறுத்தியதே 374ஆம் பிரிவில் தனிக் குற்றம். காசுக்குப் பதிலாக வெற்றுக் காசோலையிலோ வெற்றுப் பேப்பரிலோ பயமுறுத்திக் கையெழுத்து வாங்கினாலும் தப்ப முடியாது.

“நானே கூப்பிட்டு ஒரு 50,000 குடுத்து முடிக்கட்டா?” இது அவருடைய அடுத்த கேள்வி. வேண்டாம் என்றேன். குற்றமொன்றை மறைக்கக் காசு வாங்குவதும் குற்றம், கொடுப்பதும் குற்றம். போதாததற்கு, அழித்த போட்டோவின் பிரதி இன்னொரு போனில் இருக்காது என்று யார் சொல்வது?

வொய்ஸை அழிக்க வேண்டாம், போனையே மாற்ற வேண்டாம் என்றேன். ஸ்கிரீன்ஷொட்டில் இலக்கமும் திகதியும் நேரமும் தெரியவேண்டும். நீங்கள் பதிலுக்கு அவனை மிரட்டி வொய்ஸ் அனுப்பினால் நாளை அதுவும் நீதவானுக்கு முன் வரும். பிறகு பொலிஸில் முறைப்பாடு. (அந்தரங்கப் படத்தை வைத்து மிரட்டப்படும் பெண் பிள்ளைகள் பெண்களுக்கான உதவி இலக்கமான 1938க்கு அழைக்கலாம். பலர் வீட்டாருக்குப் பயந்து இரண்டு மூன்று தரம் காசு கட்டிய பிறகே வருகிறார்கள்.)

“முறைப்பாடு போட்டா என்ட பால்மாக் கதையும் வெளியில வருமே சேர்?”

வரும் என்றேன். அதற்குரிய தண்டத்தை அவர் கட்டவேண்டியும் வரலாம். அவர் பக்கம் பிழை இருப்பதால் பொடியன் செய்தது சரியாகிவிடாது. பொடியன் செய்ததால் இவருடைய பிழை இல்லாமல் போவதும் இல்லை.

நெடுநேரம் பேசாமல் இருந்தார். சம்பளத்தை வங்கியில் போட்டுப் பற்றுச்சீட்டு எடுத்துக்கொண்டு, காலையில் பொலிஸுக்கு வருவதாக ஒத்துக்கொண்டார். வாசல்வரை போனவர் திரும்பினார்.

“இன்னும் 11 பைக்கட் கிடக்கு சேர். அத என்ன செய்ற?”

“முதல்ல தட்டில இருந்து இறக்குங்க” என்றேன்.