இரு நரம்புகளுக்கு நடுவே ஒரு வாசல்

செவித்திறனை வெகுவாக இழந்தவர்களுக்கு அறுவை மூலம் பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட் கருவி, ஒலியை உணர்த்துவதற்கு நடுச்செவியை நம்பி இருப்பதில்லை. செவிப்பறை அதிர வேண்டாம். சுத்தி, பட்டடை, அங்கவடி என்ற மூன்று சிற்றெலும்புகளும் அசைய வேண்டாம். உட்செவியின் கேட்கும் உறுப்பான நத்தைச்சுருளுக்குள் செருகிய மின்முனைகள் கேள்நரம்பை நேரடியாகத் தூண்டிவிடும். ஆனாலும் அறுவை மருத்துவர் மில்லிமீட்டர் மில்லிமீட்டராக அறிந்திருக்க வேண்டியது நடுச்செவியைத்தான். மின்முனைக் கம்பி உள்ளே போகும் வழி அதுவே.

காதின் பின்புறம் தடவினால் கைக்குத் தட்டுப்படும் எலும்பு மேடு, உள்ளே தேன்கூடு போன்ற காற்றறைகளால் ஆனது. நுண்ணோக்கியில் பார்த்தபடியே அதைக் குடைந்து சென்றால் சில மில்லிமீட்டர் அகலமே உள்ள ஒரு முக்கோண இடம் வரும். அதன் ஒரு பக்கம் முக நரம்பு. மறுபக்கம், நாக்கின் முன்பகுதியிலிருந்து சுவையுணர்வைக் கொண்டுசெல்லும் மெல்லிய நரம்பு. மேலே, பட்டடை எலும்பின் குட்டைக்கால் தங்கியிருக்கும் எலும்பு. இந்த மூன்றையும் காயப்படுத்தாமல்தான் வாசல் திறக்க வேண்டும்.

முக நரம்பு சிதைந்தால் முகத்தின் ஒரு பாதி செயலிழக்கும், கண் மூடாது. துளைக்கருவி நரம்பைத் தொடவே வேண்டியதில்லை. அது சுழலும் சூடே எலும்பைக் கடந்து நரம்பைப் பாதிக்கலாம். அதனால் உப்புநீரை விடாமல் பாய்ச்சுகிறார்கள். உட்செவி பிறவியிலேயே சரியாக உருவாகாதவர்களுக்கு இந்த நரம்பு வழக்கமான தடத்தை விட்டு விலகி ஓடக்கூடும். முன்கூட்டியே சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

என்னை ஒவ்வொரு முறையும் வியக்க வைப்பது வேறொன்று. நத்தைச்சுருளும் இந்தக் குறுகிய முக்கோணமும் பிறக்கும்போதே ஏறத்தாழப் பெரியவர்களின் அளவில் இருக்கின்றன! ஒரு வயதுக் குழந்தைக்கும் இந்தச் சிகிச்சை கைகூடுவது அதனால்தான். பின்புற எலும்பு மேடு மட்டும் வளர்ந்திருக்காது. அங்கே முக நரம்பு தோலுக்கு மிக அருகில் வெளிவருவதால், முதல் கீறலிலேயே கவனம் தேவை.

வாசலுக்கு அப்பால் தெரிய வேண்டியது வட்டச் சாளரம், அதாவது நத்தைச்சுருளுக்குள் போகும், சவ்வால் மூடிய திறப்பு. எலும்பு விளிம்பொன்று அதை மறைத்திருக்கும். அருகிலுள்ள காற்றறையைச் சாளரமென்று எண்ணிவிட்டால் கம்பி நத்தைச்சுருளுக்குள் போகாமல் வேறெங்கோ போய்விடும். விளிம்பைச் செதுக்கி, சவ்வைத் திறந்து, மிக மெதுவாகக் கம்பியைச் செருகுகிறார்கள்.

பிறகு நோயாளியின் சொந்தத் திசுவைக் கொண்டே அந்தத் திறப்பை அடைக்கிறார்கள். குழந்தைகளுக்குத் தொண்டையையும் நடுச்செவியையும் இணைக்கும் குழாய் குட்டையாகவும் கிடைமட்டமாகவும் இருப்பதால், சளி பிடிக்கும்போது கிருமிகள் எளிதாக நடுச்செவிக்கு ஏறிவிடும். திறப்பு சரியாக அடைபடாவிட்டால் அங்கிருந்து உட்செவிக்கும், அதைக் கடந்து மூளை உறைக்கும் பரவலாம். அறுவைக்கு முன்பே, மூளை உறை அழற்சியை உண்டாக்கும் பாக்டீரியாவான நிமோகாக்கஸுக்கு எதிரான தடுப்பூசி போட்டுக்கொள்ளச் சொல்வது இதனால்தான்.