ஒரு குழிக்கு மார்க் போடுவது எப்படி?

சித்தி மகன் அண்ணன் வளைகுடாவிலிருந்து ஒரேயடியாக ஊருக்கு வந்தபோது எல்லாரையும் போலத் தைலமும் பேரீச்சம்பழமும் கொண்டுவந்தார். கூடவே ஒரு பழைய காலுறை நிறைய கோல்ஃப் பந்துகள். பதினொரு வருஷம் அங்கே ஒரு கோல்ஃப் மைதானத்தில் புல் பராமரிப்பு வேலை. விடியுமுன் எழுந்து, கிரீன் என்கிற வழுவழுப்பான புல்தரையை மூன்று மில்லிமீட்டர் உயரத்துக்கு மழித்துவிடுவார். ஒரு நாள்கூட மட்டையைப் பிடித்து ஆடியதில்லை. ஆனால் எது நல்ல குழி, எது வெறும் பகட்டு என்பதில் அவருக்குத் திட்டமான அபிப்பிராயம் உண்டு.

ராஜாக்கமங்கலத்தில் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து காலாண்டுத் தேர்வுத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். பேச்சுவாக்கில் கேட்டேன்: “அண்ணே, ரொம்பக் கஷ்டமான குழிதானே நல்ல குழி?”

“லே மக்கா, நீ வாத்தியாராக்கும். கிளாஸ்ல ஒருத்தனும் எழுதாத கேள்வி நல்ல கேள்வியா?”

அந்த ஒரு கேள்வியில் விஷயம் பாதி முடிந்துவிட்டது. நாற்பது பேரும் சரியாக எழுதிய கேள்வியால் எனக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை; நாற்பது பேரும் விட்டுவிட்ட கேள்வியாலும் இல்லை. படித்தவனையும் படிக்காதவனையும் எது பிரித்துக் காட்டுகிறதோ அதுதான் கேள்வி. கோல்ஃப் குழியையும் அப்படித்தான் எடைபோடுகிறார்கள்.

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கோலி விளையாட்டில் குழி என்றால் குழிதான். கோல்ஃபில் கிரீனில் வெட்டியிருக்கும், பந்து விழுகிற 108 மில்லிமீட்டர் விட்டமுள்ள பொத்தலுக்கும் அதே பெயர். பந்தை முதலில் அடிக்கிற மேட்டிலிருந்து அந்தப் பொத்தல் வரை நீளுகிற மொத்த நிலத்துக்கும் அதே பெயர். ஒரு முழு மைதானத்தில் இப்படி 18. நல்ல ஆட்டக்காரர் எத்தனை அடியில் முடிப்பார் என்று எதிர்பார்க்கிறார்களோ அந்த எண்தான் பார்; பெரும்பாலும் 3, 4 அல்லது 5. பாரைப் பார்த்துத் தரத்தைச் சொல்ல முடியாது, அது பெரும்பாலும் நீளத்தைத்தான் சொல்கிறது.

கஷ்டத்தை அளக்க அமெரிக்க கோல்ஃப் சங்கம் உருவாக்கிய முறை இன்று, ஆட்டக்காரரின் திறமையை எண்ணாகச் சொல்கிற உலக ஹேண்டிகேப் முறையின் அடிப்படையாக இருக்கிறது. அதில் இரண்டு கற்பனை மனிதர்கள் உண்டு. ஒருவர் ‘ஸ்கிராட்ச்’ ஆட்டக்காரர்: ஆண் என்றால் முதல் அடியில் 250 கெஜம், இரண்டு அடியில் 470 கெஜம் போவார். இன்னொருவர் ‘போகி’ ஆட்டக்காரர், நம்மைப் போன்ற ஞாயிற்றுக்கிழமை ஆசாமி: முதல் அடியில் 200, இரண்டு அடியில் 370. பெண்களுக்கு வேறு எண்கள். மதிப்பிடுகிறவர்கள் இந்த இரண்டு பேரின் பந்தும் எங்கே போய் விழும் என்று ஒவ்வொரு குழியிலும் குறித்துக்கொண்டு, அந்த இடத்தைச் சுற்றிப் பார்க்கிறார்கள். நிலம் சரிவா, ஓரத்தில் மரமா, மணல்பள்ளமான பங்க்கர் எத்தனை, தண்ணீரைத் தாண்ட வேண்டுமா, கிரீன் எவ்வளவு பெரியது என்று ஒவ்வொரு தடைக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண். மேடும் காற்றும் பந்து உருளுகிற தூரமும் சேர்ந்து நீளத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும். கடைசியில் மனோபயத்துக்கும் ஒரு மதிப்பெண் வைத்திருக்கிறார்கள். மற்ற தடைகள் வாங்கிய மதிப்பெண்களிலிருந்தே அதையும் கணக்குப் போட்டு எடுத்துவிடுகிறார்கள். பயத்துக்குச் சூத்திரம் கண்டவர்களை எனக்குப் பிடித்துத்தான் இருக்கிறது.

18 குழிக்கும் கூட்டினால் இரண்டு எண் கிடைக்கும். ஸ்கிராட்ச் ஆள் 72 அடியிலும் போகி ஆள் 93 அடியிலும் முடிப்பார்கள் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 21. அதை 5.381-ஆல் பெருக்கினால் 113. இதுதான் ஸ்லோப், ஆண்களுக்கான கணக்கு. 113 என்பதை நடுத்தரம் என்று கொள்கிறார்கள்; எல்லை 55 முதல் 155 வரை. பக்கத்து மைதானத்தில் ஸ்கிராட்ச் ஆள் அதே 72, ஆனால் போகி ஆளுக்கு 98 ஆகிறது என்றால் ஸ்லோப் 140. அதாவது கெட்டிக்காரனுக்கு இரண்டும் ஒன்றுதான், சாதாரணமானவனை மட்டும் இரண்டாவது மைதானம் போட்டு மிதிக்கிறது. மேல்வரிசை மாணவர்களின் மதிப்பெண்ணிலிருந்து கீழ்வரிசையின் மதிப்பெண்ணைக் கழித்துக் கேள்வியின் தரம் பார்க்கிற வாத்தியார் வித்தையும் இதே ஜாதிதான்.

ஆனால் ஸ்லோப் கூடினால் குழி நல்லது என்று ஆகிவிடாது. பக்கத்துக்கு ஒரு குளம் வெட்டிவைத்தால் ஸ்லோப் தானாக ஏறும். அண்ணனிடம் இதைச் சொன்னதும், தான் நல்ல குழியைக் கண்டுபிடிக்கிற வழியைச் சொன்னார். இதை எந்த நிபுணரும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

மட்டை தரையில் படும்போது புல்லோடு ஒரு கண்டம் மண் பெயர்ந்து பறக்கும். அந்த வடுவுக்கு டிவட் என்று பெயர். மறுநாள் காலை விதை கலந்த மணலை வாளியில் எடுத்துக்கொண்டு போய் அதை நிரப்புவது அண்ணன் வேலை. “சில குழியில எல்லா டிவட்டும் ஒரு பாய் விரிச்ச அகலத்துக்குள்ள கிடக்கும். ஒரே வாளி மணல், ஒரே இடம், குனிஞ்சா நிமிர வேண்டாம். எல்லாவனும் அங்க அடிச்சு, அங்கேருந்து அடிச்சுப் போயிட்டான். யோசிக்க அதுல ஒண்ணும் இல்ல, கேட்டியா? வேற சில குழியில வலது, இடது, முன்ன, பின்ன எல்லா எடத்துலயும் கிடக்கும். நடந்து நடந்து காலு கழண்டுரும். அதாக்கும் நல்ல குழி.”

இது அப்பட்டமான புள்ளியியல். வடுக்கள் ஒரே இடத்தில் குவிந்தால் ஆட்டக்காரனுக்கு ஒரே வழி. சிதறினால் பல வழி. சிதறலில் கொஞ்சம் கைப்பிசகும் இருக்கும்தான். ஆனால் இரண்டு மூன்று தனித்தனிக் கும்பல்களாகக் கிடந்தால் அது பிசகு இல்லை, ஆளுக்கொரு முடிவு.

முடிவு எங்கிருந்து வருகிறது என்பதற்கு ஒரு கணக்கு. எண்கள் நான் வைத்துக்கொண்டவை. பார் 5 குழி, கிரீனுக்கு முன்னால் ஓடை. ஓடைக்கு இப்புறம் பத்திரமாக நிறுத்தினால் சராசரியாக 4.9 அடியில் முடியும். துணிந்து தாண்ட அடித்து, தாண்டிவிட்டால் 4.2. தண்ணீரில் விழுந்தால் 5.8. தோற்றால் 0.9 போகும், ஜெயித்தால் 0.7 கிடைக்கும். ஆக 16 தடவையில் 9 தடவைக்கு மேல் தாண்டக்கூடியவன் அடிக்கலாம். மற்றவன் அடக்கி வாசிக்க வேண்டியதுதான். அந்த 9 தடவை என்கிற கோடு மைதானத்துக்கு வருகிற ஆட்களின் திறமைக்கு நடுவே விழுகிற மாதிரி ஓடையின் அகலத்தை வைத்தவன் நல்ல வடிவமைப்பாளன். ஒரு முழம் அகலம் கூட்டினால் ஒருவரும் முயல மாட்டார்கள். ஒரு முழம் குறைத்தால் எல்லாரும் முயல்வார்கள். இரண்டு பக்கமும் கேள்வி செத்துப்போகும்.

ஃபுளோரிடாவில் டிபிசி சாகிராஸ் மைதானத்தின் 17-ஆவது குழி டிவியில் பிரபலம். 137 கெஜம், கிரீன் தண்ணீருக்கு நடுவே தீவு மாதிரி. பார்க்க அம்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் தீவில் போட வேண்டும், இல்லையேல் தண்ணீர். மூன்றாவது வழி இல்லை. கைதட்டலுக்கு 10-க்கு 10 போடலாம், குழிக்கு நான் 6-தான் போடுவேன்.

இதற்கு நேர் எதிர், ஸ்காட்லாந்தில் நார்த் பெரிக் மைதானத்தின் 15-ஆவது குழி. ரெடான் என்று பெயர். எதிரியை நோக்கி ஆப்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் கோட்டைக் கொத்தளத்துக்கு வழங்கும் சொல் அது. கிரைமியப் போரில் அடிபட்ட பெயர். 1741-இல் குளச்சலில் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூருக்கே கோட்டை கட்டிக்கொடுத்த டச்சுத் தளபதி டிலனாய் வாழ்ந்த நம் ஊர்க்காரர்களுக்கு இந்தக் கொத்தளச் சங்கதியெல்லாம் புதிதில்லை. ரெடானில் கிரீன் கோணலாகப் படுத்திருக்கும், முன்பக்க இடது மூலையை ஆழமான பங்க்கர் காக்கும், தரையோ வலமிருந்து இடமாகப் பின்னோக்கிச் சரியும். பங்க்கரைத் தாண்டி நேரே இறக்கலாம். பயந்தவன் வலப்புறம் போட்டு, சரிவே பந்தை உருட்டிக்கொண்டு போகட்டும் என்று விடலாம். பலசாலிக்கு ஒரு வழி, நிதானஸ்தனுக்கு ஒரு வழி. உலகமெங்கும் இந்தக் குழியைக் காப்பியடித்திருக்கிறார்கள்.

கிரீனுக்கு வருவோம், பாதி மானம் அங்கேதான் போகும். 1935-இல் ஓக்மான்ட்டில் நடந்த யு.எஸ். ஓப்பன் போட்டியில் பந்துகள் வழுக்கி ஓடுவதைப் பார்த்த எட்வர்ட் ஸ்டிம்ப்சன் ஒரு மரக்கருவி செய்தார். இன்று அது அலுமினியம்: 36 அங்குல நீளம், நீளவாக்கில் ஒரு பள்ளம், பந்தை வைக்க ஒரு வெட்டு. ஒரு முனையைத் தூக்கினால் சுமார் 20 பாகையில் பந்து தானாக உருளும், தரையைத் தொடும்போது வேகம் நொடிக்கு 1.83 மீட்டர். எத்தனை அடி ஓடி நிற்கிறதோ அதுதான் கிரீனின் வேகம். மூன்று பந்து இந்தப் பக்கம், மூன்று பந்து அந்தப் பக்கம், பிறகு சராசரி.

நாகர்கோவிலில் அலுமினிய ஆங்கிள் ஒன்று வாங்கி நானே செய்து பார்த்தேன். வீட்டு மொசைக் தரையில் பந்து ஹாலைக் கடந்து, அடுக்களைக்குள் போய், அம்மியில் முட்டி நின்றது. பள்ளிக்கூடத்து அருகம்புல்லில் நாலு அடிகூட ஓடவில்லை. அண்ணன் சிரித்தார்: நிஜக் கருவியின் பள்ளம் 145 பாகைக்கு விரிந்திருக்கும், என்னுடையது 90. பந்து பள்ளத்துக்குள் ஆழமாகப் பதிவதால் தன்னைத்தானே சுற்றிக்கொள்வதற்கே ஆற்றலை அதிகம் செலவழித்து, மெதுவாக வெளியே வருகிறது. பெரிய போட்டிகளில் 12 அடிக்கு மேல் ஓடவிடுவார்கள்.

வேகம் ஏன் முக்கியம்? பந்து பொத்தலைத் தாண்டிக் குதிக்காமல் விழ வேண்டுமானால், எதிர் விளிம்பில் முட்டுமுன் தன் ஆரமான 21.3 மில்லிமீட்டராவது கீழிறங்கியிருக்க வேண்டும். அவ்வளவு இறங்க 0.066 நொடி ஆகும். அதற்குள் அது கடக்கக்கூடிய தூரம் 108-லிருந்து 21.3 போக, 86.7 மில்லிமீட்டர். வகுத்தால் நொடிக்கு 1.31 மீட்டர். விளிம்பில் தட்டிக் குதித்து உள்ளே விழுகிற பந்துகளையும் சேர்த்தால் எல்லை இன்னும் கொஞ்சம் மேலே போகும். இந்த 1.31 வேகத்தில் வந்து தப்பிய பந்து, 10 அடி கிரீனில் ஏறக்குறைய ஐந்தடி தள்ளி நிற்கும். 13 அடி கிரீனில் ஆறே முக்கால் அடி. வேகமான கிரீனில் கொஞ்சம் சரிவும் சேர்ந்தால் பந்து நிற்கவே நிற்காது. அந்த இடத்தில் பொத்தல் வெட்டினால் அது சோதனை இல்லை, வம்பு.

ஆலிஸ்டர் மெக்கன்சி என்கிற வடிவமைப்பாளர், அடிப்படையில் டாக்டர், 1920-இல் 13 விதிகள் எழுதிவைத்தார். அதில் எனக்குப் பிடித்தது, தொலைந்த பந்தைத் தேடுகிற எரிச்சலே இருக்கக்கூடாது என்பது. நம் கடற்கரை அடம்பங்கொடிக்குள் பந்து போனால் என்ன ஆகும் என்று யோசித்தால் அந்த விதியின் அருமை விளங்கும்.

கோல்ஃப் ஆட நம் பக்கத்து ஆட்கள் திருவனந்தபுரத்துக்குத்தான் பஸ் ஏற வேண்டும். ஆனால் இந்த ஆட்டம் பிறந்தது இங்குள்ளது போன்ற மணல்மேட்டில்தான். ஸ்காட்லாந்தில் வயலுக்கும் கடலுக்கும் நடுவே விவசாயத்துக்கு ஆகாமல் கிடந்த மணல்காட்டைத்தான் லிங்க்ஸ் என்றார்கள். ஒரு சாயங்காலம் சொத்தவிளையில் அண்ணன் ஒரு தென்னை மட்டையால் மணலில் குழி ஒன்று வரைந்தார். கிழக்கிலிருந்து மேற்கே போகிறது, 380 கெஜம். இடது கை முழுக்கக் கடல். வலது கை தென்னந்தோப்பு. கிரீன் ரெடான் மாதிரி கோணல், கடலோரம் போனவனுக்கு முகம் கொடுக்கும், தோப்போரம் ஒதுங்கியவனுக்கு முதுகு காட்டும்.

ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகளைச் சுழற்றுகிற காற்றுதான் அவர் கணக்கில் மூன்றாவது தடை. ஆனி ஆடியில் மேல்காற்று முகத்தில் அறைந்து, பந்தைத் தோப்புக்குள் தள்ளும். எதிர்க்காற்று தின்கிற தூரத்தை, அதே வேகத்துப் பின்காற்று முழுசாகத் திருப்பித் தராது. பந்து 46 கிராம்கூட இல்லை. ஐப்பசிக்குப் பிறகு வாடைக்காற்று வலது முதுகிலிருந்து வந்து, அதே பந்தைக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போகும்.

“அப்போ இதுக்குப் பார் எவ்வளவு அண்ணே?”

மட்டையை மணலில் குத்தி நிறுத்திவிட்டுக் கேட்டார்: “ஆடியிலயா, தையிலயா?”