எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு வரும் வாந்தியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள்

போன வருடம் ஒரு திங்கட்கிழமை காலை, ஒரு அண்ணன் தன் மனைவியைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு சிங்கப்பூரில் உள்ள எங்கள் கிளினிக்குக்கு வந்தார். அந்த அக்காவுக்கு இரைப்பையைச் சிறிதாக்கும் அறுவை சிகிச்சை நடந்து அப்போது ஐந்து வாரம் ஆகியிருந்தது. ஆப்பரேஷன் முடிந்த மூன்றாம் நாள் தானே நடந்து வீட்டுக்குப் போனவர். இப்போது எழுந்து நின்றால் தள்ளாடினார். "எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுது மிஸ்ஸி" என்று தாதியான என்னிடம் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து, நான் யார் என்று கேட்டார். கணவரிடம் விசாரித்தபோதுதான் தெரிந்தது, மூன்று வாரமாகத் தண்ணீர் குடித்தாலும் வாந்தி. ஒரு கிளினிக்கில் வாந்தி மாத்திரை வாங்கிக் கொடுத்திருக்கிறார். "வயித்தையே வெட்டி எடுத்திருக்காங்க, வாந்தி வரத்தானே செய்யும்னு இருந்துட்டோம்" என்று சொல்லும்போது அவர் குரல் உடைந்துபோனது.

(அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

அன்று எங்கள் மருத்துவர் ரத்தப் பரிசோதனையின் முடிவுக்காகக் காத்திருக்கவில்லை. உடனே வார்டில் சேர்த்து, நரம்பு வழியாகத் தயாமின் ஏற்றச் சொன்னார். தயாமின் என்பது பி1 உயிர்ச்சத்து. சர்க்கரையை எரித்துச் சக்தியாக்க மூளைக்கு அது வேண்டும். ஆனால் உடம்பு அதைச் சேமித்துவைப்பது மிகக் கொஞ்சம். இரண்டு மூன்று வாரம் எதுவும் வயிற்றில் தங்காவிட்டால் கையிருப்பு தீர்ந்துவிடும். அப்புறம் கண் அசைவு கெடும், நடை தள்ளாடும், மனம் குழம்பும். இதற்கு வெர்னிக்கி மூளைநோய் என்று பெயர். 1881இல் கார்ல் வெர்னிக்கி என்ற ஜெர்மானிய மருத்துவர் மூன்று நோயாளிகளை வைத்து இதை முதலில் விவரித்தார். அவர்களில் இரண்டு பேர் அளவுக்கு மீறிக் குடித்தவர்கள். மூன்றாவது ஓர் இளம்பெண், அமிலம் குடித்து இரைப்பை பாழாகி விடாமல் வாந்தியெடுத்தவர். குடிகாரர்களுக்கு வரும் நோய் என்றே பலரும் இதை நினைக்கிறார்கள். ஆனால் அந்த முதல் மூவரிலேயே வயிறு கெட்டு வாந்தியெடுத்த ஒரு பெண் இருந்தார் என்பது எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும்.

இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. வாந்தியோடு அவசரப் பிரிவுக்கு வருபவருக்குக் குளுக்கோஸ் டிரிப் ஏற்றுவது வழக்கம்தான். தயாமின் காலியாகியிருக்கும் உடம்பில் முதலில் குளுக்கோஸ் மட்டும் போனால், மிச்சமிருக்கும் கொஞ்சமும் செலவாகி மூளைப் பாதிப்பு மோசமாகலாம். அதனால்தான் எந்த டாக்டரைப் பார்த்தாலும் முதல் வாக்கியமாகவே சொல்லுங்கள்: "எனக்கு எடைக்குறைப்பு ஆப்பரேஷன் ஆகியிருக்கிறது, இத்தனை நாளாக வாந்தி." பேச முடியாத நிலையில் இருந்தால் கூடவந்தவர் சொல்ல வேண்டும்.

இந்தப் பிரிவில் 11 வருடமாகத் தாதியாக வேலை செய்கிறேன். ஆப்பரேஷன் வேண்டாம் என்று யாரையும் பயமுறுத்த இதை எழுதவில்லை. இன்சுலின் ஊசியை நிறுத்தியவர்களை, இரவில் மூச்சுத் திணறாமல் தூங்க ஆரம்பித்தவர்களை, வீவக அடுக்குமாடி புளோக்கில் லிஃப்ட் பழுதானால் ஆறு மாடி ஏறிப் போகிறேன் என்று போன் செய்து சொன்னவர்களை எனக்குத் தெரியும். அனுபவமுள்ள மருத்துவமனைகளில் இந்த அறுவை சிகிச்சையால் உயிரிழப்பவர்கள் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒருவர். பித்தப்பையை எடுக்கும் ஆப்பரேஷனுக்கும் கிட்டத்தட்ட அதே அளவு ஆபத்துதான். ஆசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே நீரிழிவும் இதய நோயும் வருவதால், உடல் எடைக் குறியீடு 27.5ஐத் தாண்டினாலே இதைப் பரிசீலிக்கலாம் என்று 2022இல் வந்த அனைத்துலக வழிகாட்டியும் சொல்கிறது. ஆகவே இனி நம் குடும்பங்களில் இன்னும் நிறையப் பேர் இதைச் செய்துகொள்வார்கள். அதனால்தான் பின்னால் வருவதைப் பேச வேண்டியிருக்கிறது.

பெரும்பாலும் நடப்பது இரண்டு வகை. ஸ்லீவ் என்பதில் இரைப்பையில் ஐந்தில் நான்கு பங்கை வெட்டி எடுத்துவிடுவார்கள். மிஞ்சுவது ஒரு வாழைப்பழ வடிவக் குழாய். பைபாஸில், இரைப்பையின் மேல்பகுதியில் ஏறக்குறைய 30 மில்லி கொள்ளும் சின்னப் பையை மட்டும் பிரித்து, அதை நேராகச் சிறுகுடலின் நடுப்பகுதியோடு இணைப்பார்கள். உணவு, மீதி இரைப்பையையும் சிறுகுடலின் முதல் பகுதியையும் தொடாமலே போய்விடும். உங்களுக்கு நடந்தது எது என்று உங்களுக்கும் வீட்டில் ஒருவருக்கும் கண்டிப்பாகத் தெரிந்திருக்க வேண்டும். "வயித்துல சின்னத் துளை போட்டுச் செஞ்சாங்க" என்பது போதாது. இரண்டுமே பெரும்பாலும் சின்னத் துளை வழியாகத்தான் நடக்கின்றன.

முதல் மாதத்தில் நாங்கள் பயப்படுவது மூன்றுக்கு: ரத்தக்கசிவு, தையல் போட்ட இடத்தில் ஒழுகல், காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போவது. ஒழுகல் வீட்டுக்குப் போன பிறகும் வரலாம். ஒரு விஷயத்தை நன்றாக நினைவில் வையுங்கள். பெரிய வலியோ காய்ச்சலோ வருவதற்கு முன்பே நாடி வேகமாகிவிடும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நிமிடத்துக்கு 120க்கு மேல் துடித்து, அது குறையாமலே இருந்தால், மருத்துவமனைக்குப் போங்கள். இடது தோளில் வலி, மூச்சு வாங்குவது, "ஏதோ சரியில்லை" என்ற காரணம் தெரியாத பதற்றம், இவையும் அப்படித்தான். கெண்டைக்கால் ஒன்று மட்டும் வீங்கி வலித்தாலும் அன்றே காட்டுங்கள். திடீரென்று மூச்சுத் திணறினாலோ நெஞ்சு வலித்தாலோ ஆம்புலன்சுக்கு 995ஐ அழையுங்கள். ஆப்பரேஷன் முடிந்த அன்றே உங்களை எழுப்பி நடக்கச் சொல்லிப் படுத்துகிறோமே, அது ரத்தம் உறையக்கூடாது என்பதற்காகத்தான். "பச்சை உடம்பு, படுத்தே இரு" என்று பாட்டிமார் அன்பாகச் சொல்வதை இந்த ஒரு விஷயத்தில் கேட்க வேண்டாம்.

சரி, எது சாதாரண வாந்தி? அவசரமாக விழுங்கினாலோ சரியாக மெல்லாவிட்டாலோ ஒரு தடவை வெளியே வரும், அதோடு நின்றுவிடும். மெதுவாகச் சாப்பிட்டும் நாள்தோறும் வந்தால் அது சாதாரணம் இல்லை. குழாய் எங்காவது குறுகியிருக்கலாம். இரண்டு மூன்று நாள் தொடர்ந்தால் உங்கள் தாதிக்குப் போன் செய்யுங்கள். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூடத் தங்கவில்லை, சிறுநீர் கறுத்துப்போகிறது என்றால் போன் செய்துகொண்டு இருக்காமல் கிளம்பிவிடுங்கள். உயிர்ச்சத்து மாத்திரையும் வாந்தியில் போய்விடுகிறது என்பதையும் மறக்க வேண்டாம். அந்த அக்கா ஒரு நாள் தவறாமல் மாத்திரை போட்டிருக்கிறார். ஒன்றும் உடம்பில் சேரவில்லை.

முதல் மாதத்தைத் தாண்டியவர்கள் பலர், ஆபத்தும் தாண்டிவிட்டது என்று நினைக்கிறார்கள். எனக்கு அதிகக் கவலை தருவது இந்தக் கட்டம்தான். எடை மளமளவென்று குறையும், சொந்தக்காரர்கள் புகழ்வார்கள், வேலை இருக்கும், செக்கப் தள்ளிப்போகும். பி12 உயிர்ச்சத்து ஈரலில் வருடக்கணக்கில் சேமிப்பில் இருக்கும். அதை உறிஞ்ச இரைப்பை சுரக்கும் ஒரு புரதம் தேவை. இரைப்பை போனால் அதுவும் குறைகிறது. பழைய சேமிப்பில் வண்டி ஓடி, இரண்டு மூன்று வருடம் கழித்துத்தான் பாதம் மரத்துப்போகும், சோர்வு வரும், மறதி வரும். அப்போது யாருக்கும் ஆப்பரேஷன் ஞாபகத்துக்கு வராது. நம் ஆட்களிடம் இது இரட்டிப்பாகிறது. பலர் சைவம், பி12 இறைச்சி, மீன், முட்டை, பாலில்தான் உண்டு. நீரிழிவுக்குப் பல வருடம் சாப்பிட்ட மெட்ஃபார்மினும் பி12ஐக் குறைக்கும். சைவம், மெட்ஃபார்மின், அறுவை சிகிச்சை மூன்றும் சேர்ந்த ஒருவர் "கால் எரியுது, சுகர்தான் காரணம்" என்று வந்தால், பி12 அளவைப் பார்க்காமல் நான் விடமாட்டேன்.

இரும்புச்சத்தும் அப்படித்தான். அது சேர்வது சிறுகுடலின் முதல் பகுதியில். பைபாஸ் அதைத்தான் ஒதுக்கிவிடுகிறது. மாதவிடாய் உள்ள பெண்கள் சீக்கிரமே வெளுத்துப்போகிறார்கள். தேக்காவில் காலை தோசையும் தேதாரிக் தேநீரும் முடித்து, அந்தத் தே தொண்டையில் இருக்கும்போதே இரும்பு மாத்திரையைப் போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். தே, இரும்பைச் சேரவிடாது. சுண்ணாம்புச்சத்து மாத்திரையையும் இரும்பையும் சேர்த்துப் போட்டால் இரண்டும் மல்லுக்கு நிற்கும். நடுவில் குறைந்தது இரண்டு மணி நேரம் விடுங்கள். ஆப்பரேஷன் செலவுக்குத் தகுதி இருந்தால் மெடிசேவ் மருத்துவச் சேமிப்பு கைகொடுக்கலாம். ஆனால் இந்த மாத்திரைகள் ஆயுள் முழுக்க. முடிவெடுக்கும் முன்பே குடும்பமாக உட்கார்ந்து அந்தக் கணக்கையும் போட்டுப் பாருங்கள்.

முடி கொட்டுவதைப் பார்த்து அழுதுகொண்டு வருபவர்கள் உண்டு. மூன்றாம் மாதம் தொடங்கிக் கொஞ்ச காலம் கொட்டும், பிறகு பெரும்பாலும் வளர்ந்துவிடும். அதற்கு நீங்கள் செய்யக்கூடியது தட்டில் முட்டை, மீன், பருப்பு, பன்னீரை முதலில் சாப்பிடுவது.

தீபாவளி முடிந்த வாரம் எங்கள் போன் ஓயாது. பைபாஸ் செய்தவர் இரண்டு குலாப் ஜாமூன் சாப்பிட்டுவிட்டு, அரை மணி நேரத்துக்குள் நெஞ்சு படபடத்து, வியர்த்து, வயிறு கடமுடாவென்று உருண்டு பேதியாகிறது என்பார். சர்க்கரை நேராகக் குடலில் கொட்டுவதால் வருவது இது. பயமாக இருந்தாலும் அடங்கிவிடும். ஆனால் சாப்பிட்டு ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து வரும் நடுக்கமும் தலைசுற்றலும் வேறு. ரத்தச் சர்க்கரை சட்டென்று கீழே இறங்குவதன் அடையாளம் அது. வண்டி ஓட்டுபவர், கட்டுமானத் தளத்தில் உயரத்தில் வேலை செய்பவர் என்றால் கட்டாயம் எங்களிடம் சொல்ல வேண்டும்.

தைப்பூச விரதம் பற்றியும் கேட்கிறார்கள். நான்காம் மாதத்தில் பால்குடம் எடுக்க வேண்டிக்கொண்ட ஒருவரை நான் தடுக்கவில்லை, நாளைத்தான் தள்ளிப்போடச் சொன்னேன். சின்ன வயிற்றால் ஒரே நேரத்தில் ஒரு குவளைத் தண்ணீர்கூடக் குடிக்க முடியாது. சிராங்கூன் ரோட்டிலிருந்து டேங்க் ரோடு வரை வெயிலில் வெறும் வயிற்றோடு நடந்தால் உடம்பு வற்றிப்போகும். முருகன் அடுத்த வருடம் வரை காத்திருப்பார் என்று சொன்னேன். ஒத்துக்கொண்டார்.

மூட்டுவலிக்கு ஐபுப்ரோஃபென், டைக்லோஃபினாக் போன்ற வலிமருந்துகளைப் பைபாஸ் செய்தவர்கள் தானாக வாங்கிச் சாப்பிடக்கூடாது. குடல் இணைத்த இடத்தில் புண் வந்து ரத்தம் கசியும், சிலருக்கு ஓட்டையே விழும். புகைப்பதும் அதே புண்ணைத்தான் கொண்டுவரும். எடை வேகமாகக் குறையும்போது பித்தக்கல் வருவது சகஜம். அதற்காகத்தான் பலருக்கு முதல் ஆறு மாதம் ஒரு மாத்திரை கொடுக்கிறார்கள். இன்னொன்று, பைபாஸ் முடிந்து வருடங்கள் ஆன பிறகும், வயிற்றைப் பிடித்து முறுக்குவதுபோல் வலி வந்து வந்து போனால், வாயு என்று ஓமத்தண்ணீர் குடித்துக் காத்திருக்காதீர்கள். உள்ளே கொழுப்பு கரைந்து உண்டான இடைவெளியில் குடல் நுழைந்து சிக்கிக்கொண்டிருக்கலாம். அது சில மணி நேரத்திலேயே உயிருக்கு ஆபத்தாகும்.

இளம் தம்பதிகளிடம் தனியாகப் பேசுவேன். எடை குறைந்ததும் நின்றுபோன மாதவிடாய் திரும்பும், கரு சட்டென்று தங்கும். ஆனால் ஒரு வருடம் முதல் ஒன்றரை வருடம் வரை பொறுக்கச் சொல்கிறோம். தாயின் உடம்பே வற்றிக்கொண்டிருக்கும் காலம் அது. பைபாஸுக்குப் பிறகு கருத்தடை மாத்திரையை மட்டும் நம்ப முடியாது. "இன்னும் விசேஷம் இல்லையா" என்று கேட்கும் மாமியாரிடம் தாதி சொல்லியிருக்கிறார் என்று என் பேரைச் சொல்லிக்கொள்ளுங்கள் என்பேன். கர்ப்பமானபின் நீரிழிவு பார்க்கக் கொடுக்கும் குளுக்கோஸ் பானத்தைக் குடிப்பதற்கு முன் ஆப்பரேஷனைப் பற்றிச் சொல்லிவிடுங்கள். சோதனைக்கு வேறு வழி இருக்கிறது.

மது முன்பைவிட வேகமாக, அதிகமாக ஏறும். சாப்பாட்டில் ஆறுதல் தேடியவர்கள் சிலர் அதற்கு மாறிவிடுகிறார்கள். எல்லோரும் "ஸ்லிம்மாயிட்டியே" என்று சொல்லும்போது உள்ளே இருட்டாக இருக்கிறது என்று சொல்ல வெட்கமாக இருக்கும். எங்களிடம் சொல்லலாம். அதுவும் இந்தச் சிகிச்சையில் நாங்கள் எதிர்பார்த்துக் காத்திருக்கும் ஒன்றுதான்.

செலவு குறைவு என்று வெளிநாட்டில் செய்துகொண்டு வருபவர்களிடம் ஒரே கோரிக்கை. அறுவை சிகிச்சைக் குறிப்பை ஆங்கிலத்தில் கேட்டு வாங்கி வாருங்கள், ஒரு படம் எடுத்துப் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பியதும் உங்கள் குடும்ப மருத்துவரிடமோ பலதுறை மருந்தகத்திலோ (பாலிகிளினிக்) அதைக் காட்டிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். வயிற்றுக்குள் என்ன மாற்றியிருக்கிறார்கள் என்று தெரியாமல் நடுராத்திரியில் ஒருவருக்குச் சிகிச்சை தொடங்குவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

அந்த அக்காவுக்குத் தயாமின் ஏறிய மூன்றாம் நாள் பார்வை நேரானது. குழாய் குறுகியிருந்த இடத்தைப் பலூன் வைத்து விரித்தார்கள். கைத்தடி இல்லாமல் நடக்க ஐந்து மாதம் ஆனது. சின்னச் சின்ன மறதி இன்னும் இருக்கிறது. மருந்து நேரத்தையெல்லாம் அண்ணன்தான் சமையலறை நாட்காட்டியில் எழுதிவைக்கிறார். அவர்கள் வந்த அந்த வாரத்திலிருந்து, ஆப்பரேஷன் முடிந்த ஒவ்வொருவருக்கும் ஆறு வாரம்வரை வாரம் ஒரு தடவை நானே போன் செய்கிறேன். எடை எவ்வளவு என்று நான் முதலில் கேட்பதில்லை. "இந்த வாரம் எத்தனை தடவை வாந்தி?" என்றுதான் கேட்கிறேன்.