டின்னிடஸ் என்னும் காதிரைச்சல்

வீடு அடங்கி, விளக்கை அணைத்துப் படுத்த பிறகு சிலருக்கு மெல்லிய ஒலி ஒன்று கேட்கத் தொடங்கும். ஒருவர் 'ரீங்' என்கிறது என்பார். இன்னொருவர் 'ஙொய்ங்' என்பார். வேறொருவர் சில்வண்டு கத்துவதுபோல் இருக்கிறது என்பார். பக்கத்தில் படுத்திருப்பவரை எழுப்பிக் கேட்டால் அவருக்கு ஒன்றும் கேட்காது. வெளியே எதுவும் ஒலிக்காதபோது காதுக்குள்ளோ தலைக்குள்ளோ இப்படிக் கேட்பதை மருத்துவர்கள் 'டின்னிடஸ்' என்கிறார்கள். காய்ச்சல், தலைவலி போல இதுவும் அறிகுறியின் பெயர்தான். அடியில் இருக்கும் காரணம் ஆளுக்கு ஆள் மாறும். வயது வந்தோரில் சுமார் 14% பேருக்கு இது உண்டு என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2022இல் வெளியான மதிப்பீடு சொல்கிறது. அதாவது ஏழு பேரில் ஒருவர். ஆனாலும் தனக்கு மட்டும் ஏதோ ஆகிவிட்டது என்று எண்ணி வெளியே சொல்லாமல் இருப்பவர்கள் ஏராளம். எடுத்துச் சொல்ல ஒரு சொல் கையில் இல்லாததும் அதற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

டின்னிடஸ் இலத்தீன் சொல். 'டின்னீரே' என்றால் மணிபோல, உலோகம்போல ஒலித்தல். அதன் பெயர்ச்சொல் வடிவம் டின்னிடஸ்: ஒலிப்பு, கிணுகிணுப்பு. வேரில் இருக்கும் 'டின்' ஓர் ஒலிக்குறிப்பு. தமிழில் கிண்கிணி என்ற பெயர் பிறந்ததும் இதே வழியில்தான். காது ஒலித்தால் எங்கோ இருப்பவர்கள் நம்மைப் பற்றிப் பேசுகிறார்கள் என்ற நம்பிக்கை ரோமானியரிடம் இருந்ததை முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதி வைத்திருக்கிறார்.

இதை 'டின்னிடிஸ்' என்று எழுதுவது பிழை. ஆர்த்ரைடிஸ், டான்சிலைடிஸ் போன்ற சொற்களின் ஈற்றில் வருவது கிரேக்க விகுதி. மருத்துவத்தில் அதற்கு அழற்சி என்று பொருள். டின்னிடஸுக்கும் அழற்சிக்கும் சொல்லளவில் எந்த உறவும் இல்லை. 'டின்னைட்டஸ்' என்றும் சிலர் ஒலிப்பார்கள். இரண்டு உச்சரிப்பும் வழக்கில் உள்ளவை.

மற்ற மொழிகளும் இந்த ஒலியைத் தம் காதுக்கு ஏற்றபடி பெயரிட்டிருக்கின்றன. ஜெர்மானியச் சொல் 'ஓரன்சௌசன்'. காற்று விரைந்து வீசுவதுபோல் காதுக்குள் இரைவது என்று பொருள். இசைமேதை பேத்தோவன் 1801இல் நண்பர் வேகலருக்கு எழுதிய கடிதத்தில், தம் காதுகள் இரவும் பகலும் இரைந்துகொண்டே இருப்பதாகச் சொல்ல இந்த 'சௌசன்' என்ற வினையைத்தான் எடுத்தார். பிரெஞ்சில் 'அகூஃபேன்' என்பார்கள். கேட்டல், தோன்றுதல் என்னும் இரு கிரேக்க வேர்களைச் சேர்த்துச் செய்த சொல் அது. கேட்பதுபோல் தோன்றுவது என்று, நடப்பதை அப்படியே சொல்லிவிடுகிறது.

தமிழுக்கு வருவோம். மெல்லிய ஒலிகளைப் பிரித்துச் சொல்வதில் இந்த மொழிக்குப் பழைய செல்வம் இருக்கிறது. சங்கப் பாடல்களில் வண்டு இமிரும், முரலும். கடலும் முழவும் இமிழும். காட்டில் சிள்வீடு, அதாவது சில்வண்டு, கறங்கும். தேனீ வகையின் பெயரான 'ஞிமிறு' என்பதிலேயே அதன் ஒலி கேட்கிறது. டின்னிடஸுக்கு ஏற்ற சொல்லை இந்த வரிசையிலிருந்து எடுக்கலாமே என்ற ஆசை எனக்கும் உண்டு. 'செவிமுரல்வு' என்று வைத்தால் அழகாக இருக்கும். ஆனால் முரல்வது என்றால் என்ன என்று இன்று எத்தனை பேருக்குத் தெரியும்? உடம்பில் ஒரு தொந்தரவோடு வருபவருக்கு அகராதி தேவைப்படும் சொல்லைக் கொடுப்பது நியாயம் இல்லை.

'ரீங்காரம்' எல்லோருக்கும் தெரியும். ரகரம் தமிழில் சொல்லுக்கு முதலில் வராது என்ற இலக்கணத் தடையைக்கூட விட்டுவிடலாம். எனக்கு இருக்கும் தடை வேறு: ரீங்காரம் இனிமையோடு ஒட்டிப்போன சொல். பூவைச் சுற்றும் வண்டின் பாட்டு அது. இரவெல்லாம் தூங்க முடியாதவரின் தொல்லைக்கு அந்தப் பெயர் பொருந்தாது. வடமொழி மருத்துவ நூல்கள் தரும் 'கர்ணநாதம்' பழமையான சொல். பேரிகை, மத்தளம், சங்கு போன்ற ஒலிகள் காதுக்குள் கேட்பதை அது குறிக்கும். குழலோசைபோல் கேட்பதற்கு 'கர்ணக்ஷ்வேடம்' என்று தனிப்பெயரே வைத்திருந்தார்கள். அந்தக் கூர்மை வியப்பளிக்கிறது. ஆயுர்வேத மருத்துவத்துக்கு வெளியே அந்தச் சொற்கள் பழக்கத்தில் இல்லை.

எஞ்சுவது காதிரைச்சல். காது இரைச்சல், செவி இரைச்சல் என்றும் எழுதுகிறார்கள். இதை ஏற்காதவர்கள் சொல்லும் மறுப்பு ஒன்று உண்டு: இரைச்சல் என்றால் பெருஞ்சத்தம், கடல் இரைகிறது, 'இரைந்து பேசாதே' என்கிறோம், இரவில் மட்டும் கேட்கும் நுண்ணொலியை எப்படி இரைச்சல் என்பது? மேலோட்டமாகப் பார்த்தால் சரிதான். ஆனால் தமிழில் உடம்புக்குள் எழும் ஒலிகளுக்கும் இதே வேர்தான் வேலை செய்கிறது. வயிறு இரைகிறது, மூச்சு இரைக்கிறது, இரைப்பு நோய் என்கிறோம். இவற்றில் பெரும்பாலானவை அடுத்தவர் காதில் விழாதவை, விழுந்தாலும் மெல்லியவை. ஆக, உடல் தானே எழுப்பும் ஒலி என்ற பொருள் இரைச்சலுக்குள் முன்பே இருக்கிறது. காதிரைச்சல் அந்தக் குடும்பத்தில் இயல்பாகச் சேர்ந்துகொள்ளும். மருத்துவர்களுக்கும் பழகிய சொல். இதையே நிலையான சொல்லாகக் கொள்வது நல்லது என்பது என் முடிவு. சேர்த்து எழுதினால் ஒரே கருத்துக்கான கலைச்சொல்லாக நிற்கும்.

காதிரைச்சல் இரவில் ஏன் பெரிதாகிறது? பகலில் மற்ற ஒலிகள் அதை மூடிவிடுகின்றன. அவை அடங்கியதும் மேலே வருகிறது. 1953இல் ஹெல்லர், பெர்க்மன் என்ற இரு ஆய்வாளர்கள், கேட்கும் திறனில் குறையில்லாத 80 பேரை ஒலி புகாத அறையில் உட்காரவைத்து என்ன கேட்கிறது என்று கேட்டார்கள். 94% பேர் ஏதோ ஓர் ஒலி கேட்பதாகச் சொன்னார்கள். முழு அமைதியில் மூளை சும்மா இருப்பதில்லை. உட்காதில் காக்ளியா என்ற நத்தைச் சுருளில் ஒலியை நரம்புத் துடிப்பாக மாற்றும் மயிர்ச்செல்கள் இருக்கின்றன. பேரொலியாலும் வயதாலும் இவை அழிந்தால் திரும்ப முளைப்பதில்லை. சுருளின் அடிப்பகுதி உச்ச சுருதியைக் கேட்கும் இடம். பெரும்பாலும் அங்கேதான் முதலில் சேதம். அந்தப் பக்கத்திலிருந்து வரவேண்டிய செய்தி குறையும்போது மூளை தன் உணர்திறனைக் கூட்டிக்கொள்கிறது. அப்போது நரம்புகளின் சொந்தத் துடிப்பே ஒலியாகக் கேட்கிறது என்பது இன்று பரவலாக ஏற்கப்படும் விளக்கம். பலருக்குக் கீச்சென்ற ஒலியாகக் கேட்பது இதனால்தான். செவி நரம்பை வெட்டிய பிறகும் சிலருக்கு ஒலி நிற்காதது, மூலம் காதோடு முடிவதில்லை என்பதற்குச் சான்று.

காதுக்குறும்பி அடைத்துக்கொள்வது முதல், உட்காதைத் தாக்கித் தலைச்சுற்றலைத் தரும் மெனியர் நோய் வரை வேறு காரணங்களும் உண்டு. மிகுந்த அளவு ஆஸ்பிரின், மலேரியாவுக்குத் தரும் குயினைன், நுண்ணுயிர்க்கொல்லியான ஜென்டாமைசின், புற்றுநோய்க்குத் தரும் சிஸ்பிளாட்டின் ஆகிய மருந்துகளும் இதைக் கொண்டுவரக்கூடும்.

இரவில் கேட்கும் ஒலியெல்லாம் காதிரைச்சல் ஆகிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் இயங்கும் மின்மாற்றி 100 ஹெர்ட்ஸில் 'ம்ம்' என்று உறுமும். கைப்பேசி சார்ஜரும் எல்இடி விளக்கின் உள்சுற்றும் கீச்சென்று ஒலிப்பதுண்டு. வயதானவர்களுக்குக் கேட்காத அந்த உச்ச சுருதி இளையவர்களுக்குக் கேட்கும். இரு காதுகளையும் விரலால் அடைத்துப் பாருங்கள். ஒலி குறைந்தால் அது வெளியிலிருந்து வருகிறது. அப்படியே இருந்தாலோ கூடினாலோ பெரும்பாலும் உள்ளே. தாழ்ந்த உறுமல் விரலைத் தாண்டியும் நுழையும் என்பதால் வேறு அறைக்கும் போய்ப் பார்த்துவிடுவது நல்லது.

இதை அடியோடு நிறுத்தும் மாத்திரை இன்றுவரை இல்லை. ஆனால் தாங்கிக்கொள்ள வழி இருக்கிறது. பிரெஞ்சு மருத்துவர் இட்டார் 1821லேயே நெருப்பு எரியும் ஓசையையும் நீர் விழும் ஓசையையும் கொண்டு காதிரைச்சலை மறைக்கலாம் என்று எழுதினார். படுக்கையறையில் மின்விசிறியையோ மெல்லிய மழையொலியையோ ஓடவிடச் சொல்லும் இன்றைய அறிவுரையும் அதன் தொடர்ச்சிதான். கேட்கும் திறன் குறைந்தவர்களுக்குக் காது கேட்கும் கருவி உதவும். ஒலியை நினைத்துப் பதறுவதைக் குறைக்க, எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்சி தரும் அறிதல்-நடத்தைச் சிகிச்சைக்கு நல்ல ஆய்வுச் சான்று இருக்கிறது.

மருத்துவரிடம் போகும்போது 'காதிரைச்சல்' என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். ரீங் என்கிறதா, உஸ் என்கிறதா, எந்தக் காதில், எப்போதிலிருந்து என்பதையும் உங்கள் வாய்மொழியிலேயே சொல்லுங்கள். நாடித்துடிப்போடு சேர்ந்து 'தும் தும்' என்று கேட்டால் அது வேறு வகை; துடிப்புக் காதிரைச்சல் என்று அதைப் பிரித்துச் சொல்லலாம். இரத்தக் குழாய்களை ஆராயவேண்டிய அறிகுறி அது. ஒரு காதில் மட்டும் நீடித்துக் கேட்டால் அதற்கும் பரிசோதனை வேண்டும். காதிரைச்சலோடு ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் காலையில் பார்த்துக்கொள்ளலாம், அடுத்த வாரம் போகலாம் என்று தள்ளிப்போடாமல் உடனே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் செல்லுங்கள். அதற்கான ஸ்டீராய்டு சிகிச்சை முதல் சில நாட்களில் தொடங்கினால்தான் பலனுக்கு வாய்ப்பு அதிகம்.